நில் என்றால் நிற்காத நிரல்கள்

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாலை நேரம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் கணிப்பொறியின் முன் அமர்ந்து, நியூட்டனின் குளிர்தல் விதிக்கான சோதனையில் தாம் எடுத்த அளவீடுகளை அட்டவணையாகப் பதிந்துகொண்டிருந்தார். அரை நிமிடத்திற்கு ஒன்றாக 140 வெப்பநிலை அளவீடுகள். கணக்கிடுமாறு கட்டளை கொடுத்ததும் திரை வெளுத்துப் போயிற்று. மவுஸின் அம்புக்குறி வளையமாக மாறிச் சுழலத் தொடங்கியது. மேல் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினார். ஒன்றும் நிகழவில்லை. இருபது, முப்பது முறை அழுத்தினார். "சார், மூடவே மாட்டேங்குது" என்று என்னை அழைத்தார். நானும் என் பங்குக்கு நான்கைந்து முறை அழுத்திப் பார்த்தேன். ஐந்து நிமிடம் கழித்து, "ஆஃப் பண்ணிடும்மா" என்று சொன்னவன் நான்தான். அவர் சேமிக்காமல் வைத்திருந்த அத்தனை அளவீடுகளும் அதோடு போயின. நோட்டில் எழுதி வைத்திருந்ததால் மீண்டும் பதிய முடிந்தது என்பது வேறு செய்தி. செய்முறைத் தேர்வுக்கு இரண்டே நாள் இருந்த நிலையில் அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு கேள்விகள் என்னை விடவில்லை. மூடு என்று நாம் சொல்லும்போது ஒரு நிரல் (புரோகிராமைத்தான் நிரல் என்கிறோம்) ஏன் மூடிக்கொள்வதில்லை? அது உண்மையிலேயே நின்றுபோயிற்றா, மெதுவாக வேலை செய்துகொண்டிருந்ததா என்பதை நான் எவ்வாறு அறிந்திருக்க முடியும்? முதற் கேள்விக்கு விடை கணிப்பொறியின் வரலாற்றில் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குவோம்.

இரண்டு நிறுத்து விசைகள்

நம் நாட்டில் மின்னணுக் கணிப்பொறி 1955இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு வந்தது. இங்கிலாந்தில் செய்யப்பட்ட அதன் பெயர் ஹெக்-2எம். பின்னர் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் நம்மவர்களே உருவாக்கிய டிஃப்ராக் 1960இல் இயங்கத் தொடங்கியது. அதன் நினைவகம் 2048 சொற்களையே கொள்ளும். இவற்றில் ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான் ஓடும். அது வழி தவறினால், பக்கத்தில் நிற்பவர் பலகையில் மின்னும் விளக்குகளைப் பார்த்தே ஊகித்துவிடுவார். கையை நீட்டி ஒரு விசையைத் தட்டினால் இயந்திரம் நின்றுவிடும். கேள்வி முறை கிடையாது.

1963இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஐ.பி.எம். 1620 வந்து சேர்ந்தது. அதன் இயக்குப் பலகையில் ஒரு விந்தையைக் காணலாம். நிறுத்துவதற்கு ஒன்றல்ல, இரண்டு விசைகள். ஒன்றை அழுத்தினால் இயந்திரம் கையிலுள்ள கட்டளையைச் செய்து முடித்துவிட்டு நிற்கும். மற்றொன்றை அழுத்தினால் கட்டளையின் நடுவிலேயே, நினைவகச் சுற்று ஒன்று முடிந்த கணத்தில் நின்றுவிடும். "வேலையை முடித்துவிட்டு நில்" என்பது ஒன்று. "இருந்த இடத்திலேயே நில்" என்பது மற்றொன்று. இந்த இரட்டை விசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு உருவில் இதைச் சந்திக்கப் போகிறோம்.

அடுத்து வந்த பெரிய கணிப்பொறிகளின் காலத்தில், நிரலை எழுதியவர் இயந்திரத்தின் அருகே போகவே முடியாது. ஜெர்மனி நாட்டின் உதவியால் 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஐ.பி.எம். 370/155 வந்தபோது, துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, அச்சடித்த தாளுக்காகக் காத்திருக்க வேண்டும். மதுரையிலிருந்து அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரவு ரயிலில் சென்னை சென்ற கதையை மூத்த பேராசிரியர் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் காத்திருந்து அவர் பெற்றது ஒரே ஒரு தாள். அதில் 322 என்னும் குறியெண். "உனக்கு அளித்த நேரம் தீர்ந்தது, உன் வேலை நிறுத்தப்பட்டது" என்பது அதன் பொருள்.

அவர் செய்த பிழையை இயற்பியல் மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. பூச்சியத்தில் தொடங்கி 0.1, 0.1 ஆகக் கூட்டிக்கொண்டே போ. கூட்டுத்தொகை 1 ஆனதும் நில் என்று எழுதியிருந்தார். நமக்கு இதில் குற்றம் தெரியாது. ஆனால் கணிப்பொறி இரும எண்களில் கணக்கிடுகிறது. நம் பதின்ம முறையில் மூன்றில் ஒரு பங்கு 0.333... என முடிவின்றி நீள்வதுபோல, இரும முறையில் பத்தில் ஒரு பங்கு முடிவின்றி நீளும். எங்கேனும் வெட்டித்தான் ஆகவேண்டும். எனவே பத்து முறை கூட்டினால் கிடைப்பது 1 அல்ல, 1க்கு ஒரு மயிரிழை குறைவு. அடுத்த கூட்டலில் 1ஐத் தாண்டிவிடும். சரியாக 1 என்பது வரவே வராது. நிரலும் நிற்கவே நிற்காது. அந்த 322தான் அவரைக் காப்பாற்றியது. அது இல்லாவிட்டால் அவருக்குப் பின்னால் வரிசையில் இருந்தவர்கள் அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்!

நீர்க்கட்டியும் கடிகாரமும்

322ஐ அச்சிடச் செய்தது கணிப்பொறிக்குள் இருந்த கடிகாரம். நிரல் எவ்வளவு முனைப்பாக ஓடினாலும், குறித்த நேரத்தில் கடிகாரம் அதைக் குறுக்கிட்டு, ஆட்சியை இயக்க அமைப்பின் கையில் ஒப்படைக்கும். இந்தக் குறுக்கீட்டை வைத்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்பவர் 1961 நவம்பரில் புதிய ஏற்பாடு ஒன்றைச் செய்து காட்டினார். ஒரே கணிப்பொறியை ஒவ்வொருவருக்கும் சிறிது சிறிது நேரமாகப் பங்கிட்டுக் கொடுத்தால், அனைவரும் ஒரே சமயத்தில் வேலை செய்வதுபோல் தோன்றும். இதனை நேரப் பகிர்வு என்பர்.

மதுரைப் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. பேரணையிலிருந்து மேலூர் நோக்கிச் செல்லும் பெரியாறுக் கால்வாயில் தண்ணீர் குறையும்போது முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். கண்மாய் மடையைத் திறந்து மூடுபவர் நீர்க்கட்டி. ஒருவர் வயல் நிறைந்ததோ இல்லையோ, முறை முடிந்ததும் நீர்க்கட்டி மடையை அடைத்து அடுத்தவருக்குத் திருப்பிவிடுவார். கணிப்பொறியின் நீர்க்கட்டி இயக்க அமைப்பு. அவர் கையிலுள்ள கடிகாரம் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வு.

இந்த நல்ல ஏற்பாடு 1961இலேயே இருந்தது என்றால், 1990ஆம் ஆண்டுகளில் நம் வீட்டுக் கணிப்பொறிகள் ஏன் ஓயாமல் உறைந்து நின்றன? இதுதான் இவ்வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க பகுதி என்பேன். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறி வெளிவந்தபோது, அதன் டாஸ் இயக்க அமைப்பு 1955ஆம் ஆண்டு நிலைக்கே திரும்பியது: ஓர் ஆள், ஓர் இயந்திரம், ஒரே நிரல். அதற்குள்ளும் படிகம் இருந்தது. நொடிக்கு 1 கோடியே 43 லட்சம் முறை அதிர்ந்தது. அந்த அதிர்வைப் பகுத்து நொடிக்குச் சுமார் 18 முறை குறுக்கீடும் செய்தது. ஆனால் அந்தக் குறுக்கீட்டை வைத்து மடையை அடைக்க நீர்க்கட்டி இல்லை! மணி அடித்தது; கேட்க ஆள் இல்லை.

அந்தக் கணிப்பொறியை உருவாக்கிய குழுவில் இருந்த டேவிட் பிராட்லி, சோதனையின்போது இயந்திரம் உறைந்தால் மின்சாரத்தை அணைத்துப் போட்டு நேரத்தை வீணாக்காமல் இருக்க ஒரு குறுக்கு வழி அமைத்தார். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். முதலில் அவர் தேர்ந்த விசைகள் ஒரே கையால் அழுத்தக்கூடியவையாக இருந்தன. தவறிப்போய் அழுத்திவிடக் கூடாதே என்று இரண்டு கைகளும் தேவைப்படுமாறு மாற்றினார். தம் குழுவினருக்கென்று செய்த ஏற்பாடு, உலகத்தார் அனைவரின் விரல்களுக்கும் பழக்கமாகிவிட்டது. ஆனால் ஓடும் நிரல் குறுக்கீடுகளையே தடுத்து வைத்திருந்தால் இந்த மூன்று விசைகளும் பயனற்றவை. பக்கத்திலிருக்கும் பெரிய ஸ்விட்ச்தான் கதி.

பிறகு பல நிரல்களைச் சாளரங்களாகக் காட்டும் விண்டோஸ் 3.0 1990இல் வந்தது. மெக்கின்டாஷ் கணிப்பொறிகளிலும் அதே முறை. பார்வைக்குப் பல நிரல்கள். உள்ளே நீர்க்கட்டி கிடையாது. ஒவ்வொரு நிரலும் தானே மனமுவந்து மடையை அடைத்து அடுத்ததற்கு வழிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நல்லவர்களாகவே இருந்தால் நன்றாக நடக்கும். ஒரு நிரல் மடையை அடைக்க மறந்தால் மற்ற அனைத்தும் காய்ந்து நிற்கும்; திரை முழுவதும் உறையும். 1995இல் வந்த விண்டோஸ் 95 புதிய வகை நிரல்களுக்கு நீர்க்கட்டியை நியமித்தது. மெக்கின்டாஷ் 2001 வரை காத்திருந்தது. இதன் பின் ஒரு நிரல் உறைந்தாலும் மற்றவை பெரும்பாலும் ஓடும்.

பெருக்கல் குறி கட்டளையன்று

இப்போது மாணவியின் பெருக்கல் குறிக்கு வருவோம். அதை அழுத்தினால் நிரல் மூடப்படும் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது மூடச் சொல்லும் கட்டளையன்று, மூடுமாறு கேட்கும் விண்ணப்பம்.

கீழமாசி வீதியில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்கள் சீட்டு எழுதி மேசைமேல் வைக்கிறார்கள். கடைக்கார அண்ணாச்சி ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துச் சரக்குக் கொடுக்கிறார். "கடையை அடையுங்கள்" என்று நீங்கள் ஒரு சீட்டு எழுதினால் அதுவும் அந்த அடுக்கில்தான் போய் விழும். அண்ணாச்சி மூட்டை ஒன்றைத் தேடிக் கிடங்குக்குள் போய்விட்டார் என்றால்? சீட்டு மேசையிலேயே கிடக்கும். முப்பது சீட்டுகள் எழுதினாலும் முப்பதும் கிடக்கும். அவர் திரும்பி வந்தால்தான் முதற் சீட்டைப் படிப்பார்.

ஒவ்வொரு சாளர நிரலுக்கும் இவ்வாறு ஒரு சீட்டு வரிசை உண்டு. நிரல் நீண்ட கணக்கில் மூழ்கியிருந்தாலும், வட்டிலிருந்தோ வலையமைப்பிலிருந்தோ வரவேண்டிய ஒன்றுக்காகக் காத்திருந்தாலும், சீட்டுகளைப் படிப்பதில்லை. 5 நொடி வரை ஒரு சீட்டும் எடுக்கப்படாவிட்டால், விண்டோஸ் அச்சாளரத்தை வெளுக்கச் செய்து "பதில் இல்லை" எனும் பொருளில் தலைப்பில் எழுதுகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெளுத்த திரை அதுதான். நிரல் செத்துவிட்டது என்பது அதன் பொருளன்று. சீட்டுப் படிக்கவில்லை என்பது மட்டுமே.

விண்ணப்பம் செல்லாதபோது ஆணை பிறப்பிக்கலாம். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் அமைப்பின் வழிவந்ததுதான் லினக்ஸ். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் "கில்" என்னும் கொடிய பெயருடைய கட்டளையைக் கண்டிருப்பீர்கள். வெறுமனே கொடுத்தால் அது நிரலுக்கு 15ஆம் எண் குறிப்பை அனுப்பும். நிரல் அதைப் பெற்று, கோப்புகளைச் சேமித்து, தன்னை முடித்துக்கொள்ளலாம், பொருட்படுத்தாமலும் இருக்கலாம். 9ஆம் எண் சேர்த்துக் கொடுத்தால் அந்தக் குறிப்பு நிரலின் காதுக்கே போகாது. இயக்க அமைப்பு நேராக நிரலைத் துடைத்துவிடும்; சேமிக்காதவை போகும். கான்பூர் இயந்திரத்தின் இரண்டு விசைகள் இங்கே வந்து நிற்பதைப் பாருங்கள்.

அந்த 9க்கும் மசியாத நிரல்கள் உண்டு என்று அறிந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. பென் டிரைவிலிருந்து ஒரு நிரல் கோப்பைக் கேட்டிருக்கிறது. பாதியில் யாரோ அதைப் பிடுங்கிவிட்டார் எனக் கொள்வோம். வட்டுகள் மையச் செயலகத்தை நாடாமல் தாமே நினைவகத்தின் குறித்த பகுதியில் தரவை எழுதும் இயல்புடையவை. அந்தப் பகுதியை நிரலிடமிருந்து பறித்து வேறு நிரலுக்குக் கொடுத்துவிட்டால், பிந்தி வரும் தரவு புதியவர் வீட்டுக்குள் போய் விழும். அதனால் சாதனத்திடமிருந்து விடை வரும் வரை அல்லது வராது என்று உறுதியாகும் வரை, இயக்க அமைப்பு அந்த நிரலை எழுப்பவும் செய்யாது, துடைக்கவும் செய்யாது. இரண்டு நிரல்கள் ஒன்றிடம் உள்ளதை மற்றொன்று கேட்டுக் காத்துக் கிடப்பதும் உண்டு. குறுகிய தெருவில் எதிரெதிரே வந்த இரண்டு பஸ்கள் பின்வாங்க மறுப்பது போன்ற இதனை, டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965இல் ஆராய்ந்து "கொலைத் தழுவல்" எனப் பெயரிட்டார்.

போத்தனூர்ப் பேரன்

எனது இரண்டாம் கேள்வி இன்னும் நிற்கிறது. நின்றுபோயிற்றா, மெதுவாக ஓடுகிறதா? இதைச் சொல்ல ஒரு கருவி செய்துவிட முடியாதா?

முடியாது என்று கணிப்பொறி பிறக்கும் முன்பே நிறுவிவிட்டார் ஆலன் டூரிங். இவருக்கும் நம் தமிழகத்திற்கும் ஓர் உறவு உண்டு. இவருடைய தாயார் ஈத்தல் சாரா ஸ்டோனி 1881இல் கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் சென்னை ரயில்வேயின் பொறியாளர். தந்தையார் சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாளர். டூரிங் பிறந்தது மட்டும் 1912இல் லண்டனில். 1936இல், 24 வயதை எட்டும் முன்பே எழுதி முடித்த கட்டுரையில் அவர் கையாண்ட வாதத்தைப் பிற்காலத்தார் எளிமையாக்கிய வடிவில் சொல்கிறேன். சற்றே பொறுமையுடன் படியுங்கள்.

எந்த நிரலையும், அதற்குக் கொடுக்கும் தரவையும் காட்டினால் "இது நிற்கும்" அல்லது "நிற்காது" என்று தவறாமல் சொல்லும் ஒரு நிரல் இருப்பதாகக் கொள்வோம். அதற்குச் சோதிடர் என்று பெயர். இனி, வம்பன் என்றொரு நிரல் எழுதுவோம். வம்பனிடம் ஏதேனும் ஒரு நிரலைக் கொடுத்தால், "இந்த நிரலுக்கு இதனையே தரவாகக் கொடுத்தால் நிற்குமா?" என்று அவன் சோதிடரைக் கேட்பான். நிற்கும் என்றால் வேண்டுமென்றே முடிவின்றி ஓடுவான். நிற்காது என்றால் உடனே நின்றுவிடுவான். இப்போது வம்பனிடம் வம்பனையே கொடுங்கள். சோதிடர் நிற்கும் என்றால் அவன் ஓடுவான். ஓடுவான் என்றால் நிற்பான். இரண்டிலும் சோதிடர் பொய்த்துவிட்டார். தவறாத சோதிடர் இருக்க முடியாது.

நம் கணிப்பொறியின் நினைவகம் அளவுடையதுதானே, ஒரே நிலை மீண்டும் வந்தால் வட்டமடிக்கிறது என்று கண்டுகொள்ளலாமே என்று கூர்மையான மாணவர் கேட்கக்கூடும். கொள்கை அளவில் சரி. ஆனால் 8 ஜி.பி. நினைவகத்தில் உள்ள பிட்டுகள் சுமார் 6,870 கோடி. அவை இருக்கக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை 2ஐ 6,870 கோடி முறை பெருக்கினால் வருவது. பேரண்டத்தின் அணுக்களை எண்ணிக்கொண்டிருப்பது இதைவிட எளிது!

ஆகையால் பொறியாளர்கள் உண்மையைத் தேடுவதை விட்டுவிட்டுக் கெடு வைத்தார்கள். 322 ஒரு கெடு. விண்டோஸின் 5 நொடியும் ஒரு கெடு. மனிதர் கை எட்டாத இடத்தில் இதன் அருமை தெரியும். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம், வானிலைத் தரவு சேகரிக்கத் தொடங்கிய சில நாட்களில் அடிக்கடி தானே அணைந்து தொடங்கியது. வானிலைப் பணி முக்கியத்துவம் குறைந்தது. அது பொதுவான ஒன்றைப் பூட்டி வைத்திருக்கும்போது, இடைநிலைப் பணிகள் குறுக்கே புகுந்து ஓட, தலையாய பணி பூட்டுத் திறக்கக் காத்து நின்றது. அங்கிருந்த காவல் கடிகாரம் நின்றதா, தாமதமா என்று ஆராயவில்லை. குறித்த நேரத்தில் பணி முடியவில்லை, எனவே எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கு என்றது. பூமியிலிருந்த பொறியாளர்கள் ஆய்வகத்தில் அதே நிலையை உண்டாக்கிக் காரணத்தைக் கண்டுபிடித்து, திருத்தத்தை வானொலி அலை வழியே அனுப்பினர். அதுவரை கலத்தைக் காத்தது அக்கடிகாரமே.

எங்கள் ஆய்வுக்கூடத்திற்குத் திரும்புவோம். மறுநாள் மாணவி மீண்டும் அளவீடுகளைப் பதிந்தார். இம்முறை முதலில் சேமித்தார். கட்டளை கொடுத்தார், திரை வெளுத்தது. பெருக்கல் குறியைத் தொடாமல், டாஸ்க் மேனேஜர் என்னும் பட்டியலைத் திறந்தோம். நான்கு உள்ளகங்கள் கொண்ட மையச் செயலகத்தில் எங்கள் நிரல் 25 விழுக்காட்டைப் பிடித்திருந்தது. அதாவது ஓர் உள்ளகம் முழு மூச்சாக உழைக்கிறது. பூச்சியம் எனக் காட்டியிருந்தால் எதற்கோ காத்துக் கிடக்கிறது என்று கொண்டிருப்போம். உழைப்பு என்பது பயனுள்ள கணக்கா, வெறும் வட்டமடிப்பா என்பதை 25 என்னும் எண் சொல்லாது. அதற்கு வேறு வழி தேடி, அவர் எழுதிய வாய்பாட்டைப் பார்த்தோம். 140 வரிசைகளுக்கு இடவேண்டிய வாய்பாட்டை நெடுவரிசை முழுவதற்கும் இட்டிருந்தார். அதில் 10,48,576 வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் முழு நெடுவரிசையையும் படிக்கிறது. பத்து லட்சத்தைப் பத்து லட்சத்தால் பெருக்கினால் லட்சம் கோடி. பெரிய எண்தான், ஆனால் முடிவுள்ள எண்.

"வெயிட் பண்ணலாமா சார்?" என்றார். சோதனைக்கு வைத்திருந்த நிறுத்து கடிகாரத்தை எடுத்து ஓடவிட்டார். நான் வகுப்புக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது குளிர்தல் கோடு திரையில் இருந்தது. கடிகாரம் 37 நிமிடத்தில் நிறுத்தப்பட்டிருந்தது.